நட்சத்திரம் கட்டலாமா, கூடாதா?

டிசம்பர் 25ஆம் தேதியை நம் இயக்கத் தோழர்கள் இரண்டு காரணங்களுக்காக மறப்பதில்லை. 1927இல் அன்றைக்குத்தான் மகத்தில் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. 1968இல் அன்று இரவுதான் கீழவெண்மணியில், கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட குற்றத்துக்காக, ஒரே குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். ஒன்று நாம் வைத்த தீ. மற்றது நமக்கு வைத்த தீ. வருஷா வருஷம் கூட்டம் போடுகிறோம். வீரவணக்கம் செலுத்துகிறோம். கலைந்து போகிறோம். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அங்கே மூன்றாவதாக ஒன்று காத்திருக்கிறது. அடுப்பில் பிரியாணி வெந்துகொண்டிருக்கும். சின்னப் பிள்ளைகள் புதுத்துணி போட்டுக்கொண்டு தெருவில் நிற்கும். இதைப் பற்றி மட்டும் நம் மேடையில் யாரும் வாய் திறப்பதில்லை.

'கிறிஸ்துமஸா? அது சர்ச் விவகாரம் தோழர்' என்பார் ஒருவர். 'மதம் மாறிப் போனவங்க பாடு, நமக்கென்ன' என்பார் இன்னொருவர். இரண்டும் தப்பு என்று சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன். சென்னை மாதிரி ஒரு நகரத்தில் ஒரு தலித் குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த ஒரு நாளில் அரசியல் சட்டம் வந்து நம் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொள்கிறது.

டிசம்பர் மாதச் சென்னைக்கு ஒரு அதிகாரபூர்வமான முகம் உண்டு. சபாவில் கச்சேரி, காண்டீனில் டிபன், மாட வீதியில் பஜனை. பத்திரிகைகள் 'மார்கழி மயிலாப்பூர்' என்று படம் போடுவது இதைத்தான். கிறிஸ்துமஸுக்கும் அப்படி ஒரு முகம் இருக்கிறது. சாந்தோம் பேராலயத்தின் விளக்கலங்காரம், பெரிய ஓட்டல்களில் கேக்குக்கு ரம் ஊற்றி உலர்பழம் கலக்கும் விழா, தி.நகர் ஜவுளிக்கடை வாசலில் பஞ்சுத்தாடி வைத்த தாத்தா. இரண்டு முகத்திலும் சேரி இல்லை. ஆனால் மயிலாப்பூர் மாட வீதியோடு முடிந்துவிடுகிற ஊரா? பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருக்கிறது. மந்தைவெளியின் சந்துகள் இருக்கின்றன. பட்டினப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய, சிமெண்ட் உதிர்ந்து கம்பி தெரிகிற கட்டடங்கள் இருக்கின்றன. அடையாற்றங்கரை இருக்கிறது. 'சைவம் மட்டும்' என்று டு-லெட் பலகை மாட்டுகிற தெருக்களுக்கு வீட்டு வேலையும் துப்புரவு வேலையும் செய்கிற சனங்கள் இங்கேயிருந்துதான் போகிறார்கள்.

இங்கே கிறிஸ்துமஸ் என்பது சிதறடிக்கப்பட்ட சனம் ஒன்று கூடுகிற நாள். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகர் வீடுகளை இடித்தார்கள். அந்த இடிப்பை எதிர்த்து ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். அங்கேயிருந்தும் சனத்தைப் பெரும்பாக்கத்துக்கே போகச் சொன்னார்கள். பெரும்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் சுமார் இருபது கிலோமீட்டர். நள்ளிரவுப் பூசை பார்த்துவிட்டு அந்த நேரத்தில் பிள்ளைகளோடு எப்படித் திரும்பிப் போவது? அதனால் 24ஆம் தேதி சாயங்காலமே பாயும் பாத்திரமுமாக வந்து இறங்கிவிடுவார்கள். பத்துக்குப் பத்து அறையில் பதினோரு பேர் படுப்போம். கத்தோலிக்கப் பாட்டி, இந்துவாகவே இருக்கிற சித்தப்பா, சாமியே இல்லை என்கிற மாமா எல்லாரும் அதற்குள் அடக்கம். பெந்தெகோஸ்தேவுக்குப் போகிற சின்னம்மா குடிலைக் கும்பிட மாட்டாள், பிரியாணியை விடமாட்டாள். நம் சனங்களிடம் மதம் வீட்டுக்கு வீடு மாறுவதில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. அதற்காக யாரும் யாருக்கும் சோறு போடாமல் இருந்ததில்லை.

என் வீட்டுக் கதையும் இதேதான். நான் காகிதத்தில் இந்து ஆதிதிராவிடர். என் மனைவி கத்தோலிக்கர். காகிதத்தில் 'கிறித்தவ ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர்'. அத்தை ஞானஸ்நானம் பெற்றவர். மாமனார் கடைசிவரை பெறவில்லை. ஆடி மாதம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியவரும் அவர்தான், டிசம்பரில் குடிலுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவரும் அவர்தான். மூத்த மகளுக்கு அம்மா வழியில் ஞானஸ்நானம் ஆயிற்று. இளையவன் அப்பா வழியிலேயே இருந்துவிட்டான். ஆக, ஒரே வயிற்றில் பிறந்த அக்கா பி.சி., தம்பி எஸ்.சி. இரண்டு பேரையும் ஊர் கூப்பிடுகிற சாதிப்பெயர் ஒன்றுதான்.

சில வருஷம் முன்பு என் மச்சான் ஒரு அரசுத் தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருந்தான். டிசம்பர் மாதம். அத்தை பரணிலிருந்து காகித நட்சத்திரத்தை இறக்கித் தூசி தட்டி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: 'இன்னா மாப்ள, இத கட்டட்டுமா, வாணாமா? எவனாவது வந்து பாத்துட்டு புள்ள வேலைக்கு வேட்டு வச்சிருவானா?' பக்கத்து வீட்டு அக்கா, 'உள்ள கட்டிக்க அத்த, வெளிய தெரியாம' என்றது. மச்சான் ஒன்றும் பேசவில்லை. ஞானஸ்நானம் பெறாதவன், எந்தப் பொய்யும் சொல்லாதவன், தன் அம்மாவின் பண்டிகைக்கு முன்னால் திருடனைப் போலத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் நட்சத்திரம் வீட்டுக்குள்ளே, டி.வி. பெட்டிக்கு மேலே எரிந்தது.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் இந்தப் பயத்தை நான் தினமும் பார்க்கிறேன். கணக்குத் தொடங்கும் படிவத்தில் மதம், வகுப்பு என்று கட்டங்கள் உண்டு. கோயில் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இரண்டும் கலந்த ஒரு பெயர் என்று வருவார்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரியிடம் காசு கொடுத்துப் பிரமாணப் பத்திரம் வாங்கி வருவார்கள். படிவத்தை நீட்டினால், பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாக, 'சார், இந்தக் கட்டத்துல இன்னா போடணும்?' என்பார்கள். தன் மதம் எது என்று தெரியாமல் கேட்கிற கேள்வியா இது? எதை எழுதினால் எது பறிபோகும் என்று தெரியாமல் கேட்கிற கேள்வி.

இந்தப் பயத்தை விதைத்தது யார்? வெள்ளைக்காரன் 1936இல் போட்ட பட்டியல் சாதிகள் ஆணையிலேயே, இந்தியக் கிறித்தவர் எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதிவைத்தான். அவன் போன பிறகு 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத மதத்தைச் சேர்ந்தவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் வெளியே. ஆகஸ்ட் 10ஐத் தலித் கிறித்தவர்கள் கருப்பு நாளாக அனுசரிப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சில கல்விச் சலுகைகளை மாநில அரசு அவர்களுக்கும் கொடுக்கிறது. ஆனால் வேலைக்கு என்று வரும்போது, நம்மைச் சேரிக்குள் நிறுத்திவைத்த சாதிகளோடு ஒரே வரிசையில் நின்று போட்டி போட வேண்டும். தனித்தொகுதியில் நிற்க முடியாது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் காப்பாற்றாது. சாதிப்பெயர் சொல்லித் திட்டுகிறவன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்? வழக்குப் பதியும் இடத்தில் மட்டும் அந்தப் பதிவேடு பெரிய சாட்சியாகி விடுகிறது.

இதே சென்னையில், எழும்பூரில், காந்தி-இர்வின் பாலச் சாலையும் கென்னத் சந்தும் சேரும் முனையில் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார் சூசை. பிறப்பால் ஆதிதிராவிடர், மதத்தால் கிறித்தவர். சாலையோரம் உட்கார்ந்து செருப்பு தைக்கிறவர்களுக்கு இலவசமாக பங்க் கொடுக்க 1982இல் அரசாணை வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்த இந்துவுக்குக் கிடைத்தது. சூசைக்கு இல்லை. உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். 1985 செப்டம்பர் 30இல் தீர்ப்பு வந்தது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லி மனுவைத் தள்ளினார்கள். ஆதாரம் எழும்பூரில் ரோட்டோரம் வெயிலில் உட்கார்ந்திருந்தது. ஒரு மனிதன் கிறித்தவனாகி விட்டான், அவன் கையில் இருந்த ஊசி மட்டும் மதம் மாறவில்லை. இதைப் பார்க்க ஆய்வறிக்கை வேண்டுமாம்.

அத்தையின் கேள்விக்கு வருகிறேன். நட்சத்திரத்தைப் பார்த்து வேலை போகுமா என்று கேட்டாரே, அது வெறும் அறியாமை இல்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு மருத்துவர். பிறப்பால் இந்துப் பட்டியல் சாதி. கிறித்தவரைக் கல்யாணம் செய்தார், பிள்ளைகளைக் கிறித்தவர்களாக வளர்த்தார். அவருடைய சாதிச் சான்றிதழை 2013இல் ரத்து செய்தார்கள். அதிகாரிகள் கண்டுபிடித்த சாட்சிகளில் ஒன்று, கிளினிக் சுவரில் தொங்கிய சிலுவை. எட்டு வருஷம் கழித்து, 2021 அக்டோபரில், சென்னை உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கணவன் பிள்ளைகளோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதாலேயே ஒரு பெண் தன் மதத்தை விட்டுவிட்டதாக ஆகாது என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் எட்டு வருஷம் என்பது ஒரு மனுஷியின் ஆயுளில் எவ்வளவு?

அதற்குப் பிறகு 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் வேறொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுத்தர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவர். அப்பா பிறப்பால் இந்து, அம்மா கிறித்தவர். குழந்தையாக இருந்தபோது ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். தான் இந்துவாகத்தான் வாழ்கிறேன் என்று அந்தப் பெண் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மீது செய்கிற மோசடி என்றது. பச்சைக் குழந்தையின் தலையில் ஊற்றிய தண்ணீர், முப்பது வருஷம் கழித்தும் காயாமல் சாட்சி சொல்ல வந்துவிடுகிறது.

இந்தத் தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். சட்டம் மதத்தைத் தனித்தனி ஆளாக, ஒரு தேதியோடு, ஒரு பதிவேட்டோடு பார்க்கிறது. நம் வீடுகளில் மதம் அப்படி இல்லை. அம்மா பக்கம் ஒன்று, அப்பா பக்கம் ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சோற்றுப்பானை. கிறிஸ்துமஸ் அன்று இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன.

திருச்சபை இதில் யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. கிறித்தவத்தில் சாதி இல்லை என்று அரசு சொல்லும்போது அதற்குத் தலையாட்டி வசதி செய்து கொடுத்ததே நம் சாமியார்களின் நீண்ட மௌனம்தான். 1850இல் இதே சென்னையில் கூடிய புராட்டஸ்டண்ட் மிஷனரிகளின் மாநாடு, சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்றது. சாதியை விட்டதற்கு அது கேட்ட அடையாளம், தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உண்பது. ஆக, நூற்றெழுபது வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் திருச்சியில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சாதிச்சுவர் நின்றது. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போனபோது போப் இரண்டாம் ஜான்பாலே சாதியைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது. 2008 மார்ச்சில் அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்டதற்கு ஆதிக்க சாதிக் கத்தோலிக்கர்கள் வீடு புகுந்து அடித்தார்கள். துப்பாக்கிச்சூடு நடந்தது, இரண்டு பேர் செத்தார்கள். மாட்டுக் கொட்டகையில் பிறந்தவரின் பெயரால் கட்டிய கோயிலில்தான் இவ்வளவும்.

அப்படியானால் கிறிஸ்துமஸே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். கேக் கம்பெனிக்கும் ஜவுளிக்கடைக்கும் லாபம், உழைக்கிறவனுக்குக் கடன் என்பார்கள். கடன் உண்மைதான். டிசம்பரில் எங்கள் கவுண்டரில் அடகு நகை அதிகம் வருகிறது. ஆனால் வருஷம் முழுக்க அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் கழுவுகிற ஒரு பெண், அந்த ஒரு நாள் வேலைக்குப் போகாமல், தன் வீட்டில் தன் சனத்துக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, புதுச்சேலை கட்டிக்கொண்டு சாந்தோம் பேராலயத்தில் முன் வரிசையில் போய் உட்காருகிறாளே, அதை நுகர்வுக் கலாசாரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட நமக்கு என்ன உரிமை? கோயிலுக்குள்ளே நுழைய உயிரைக் கொடுத்துப் போராடிய சனத்துக்கு முன் வரிசையின் ருசி தெரியும்.

இன்னொரு கேள்வி நம் ஆட்களிடமிருந்தே வருகிறது. 'அவங்களையும் எஸ்.சி.ல சேத்தா நம்ம பங்கு கொறையுமே?' நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிக்கு 18 சதவீதம். 2009 முதல் அதற்குள்ளேயே அருந்ததியருக்கு 3 சதவீதம் உள்ஒதுக்கீடு. ஆள் கூடினால் பங்கும் கூட வேண்டும். அதைத்தான் கேட்க வேண்டும். இருக்கிற இலைக்குள்ளேயே அடித்துக்கொள்ளச் சொல்கிறவன் பரிமாறுகிறவன். மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரித்துவிடு, மூன்றாவது பத்தியை எடுத்துவிடு என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அறிக்கை கொடுத்தது. 2004இல் போட்ட வழக்கு உச்சநீதிமன்றத்தில் இருபது வருஷம் கடந்தும் இழுத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரல் 19இல் தமிழ்நாடு சட்டமன்றமே தீர்மானம் போட்டு அனுப்பியது. அறிக்கைகளும் ஆணையங்களும் தீர்மானங்களும் வந்துகொண்டே இருக்கின்றன. பத்தி அப்படியே இருக்கிறது.

எனவே இயக்கத்துக்கு ஒரு யோசனை சொல்கிறேன். பண்டிகைகளை நம் பக்கம் இழுப்பது நமக்குப் புதிது இல்லை. 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைக் கொண்டுவந்த அயோத்திதாசப் பண்டிதர், தீபாவளிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் பௌத்த வழியில் வேறு பொருள் எழுதினார். பார்ப்பனியம் தன்னுடையது என்று சொன்னதை, இல்லை, எங்களுடையது என்றார். அந்தப் பண்டிதர் நடந்த தெருக்களுக்குப் பக்கத்தில்தான் நாம் இருக்கிறோம். டிசம்பர் 25ஐ நாம் ஏன் சர்ச்சுக்கும் ஜவுளிக்கடைக்கும் மட்டும் விட்டுவைக்க வேண்டும்?

டிசம்பர் 24 சாயங்காலம், சேரியில் எல்லா வாசலிலும் நட்சத்திரம் கட்டுவோம். இந்து என்று காகிதம் வைத்திருப்பவர், பௌத்தர், கிறித்தவர், நாத்திகர், எல்லாரும். குறிப்பாக, கிறித்தவர் அல்லாத தோழர்கள் முதலில் கட்ட வேண்டும். ஒரு வாசலில் தொங்கினால்தான் அது சாட்சி. நூறு வாசலில் தொங்கினால் யாருக்கு எதிராக அதைச் சாட்சி சொல்ல வைப்பார்கள்? நீலக் காகிதத்தில் செய்வோம். மூங்கில் தப்பையும் பசையும் இருந்தால் பிள்ளைகளே செய்துவிடும். 25ஆம் தேதி பகல் சாப்பாட்டைத் தெருவில் பந்தி போட்டுச் சாப்பிடுவோம். அன்று சாயங்காலம் அதே தெருவில் வெண்மணியின் 44 பேரின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் படிப்போம். அவர்களைக் கொன்ற வழக்கில் நிலப்பிரபுக்களை விடுதலை செய்ததும் இந்த நகரத்தின் உயர்நீதிமன்றம்தான் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். மகத்தில் எரிந்த புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்வோம். பங்குச் சாமியார்களிடம் போய், நள்ளிரவுப் பூசையில் மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லி ஒரு மன்றாட்டு வையுங்கள் என்று கேட்போம். வைக்க மறுக்கிற கோயில் எது என்பதையும் எழுதிவைத்துக்கொள்வோம்.

எங்கள் தெருவில் இந்த வருஷம் ஆரம்பிக்கிறோம். என் வாசலில் நான் கட்டுகிறேன். என் காகிதத்தில் இந்து என்றுதான் இருக்கிறது, இருக்கட்டும். விசாரிக்க வருகிற அதிகாரி நட்சத்திரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வதென்றால், தெரு முழுவதையும் குறித்துக்கொண்டு போகட்டும்.